தேனும் மகரந்தமும்

மலைத்தேன், கொம்புத்தேன், கொசுத்தேன் என்று, ஈயையும் அது கூடு கட்டும் இடத்தையும் கொண்டு தேனுக்குப் பெயரிட்டு வழங்குவது நம்மவர் வழக்கம். கூட்டைக் கண்டால் ஈ எது என்று சொல்லிவிடலாம். அந்த ஈ எந்தப் பூவை நாடிச் சென்றது என்பதை எவ்வாறு அறிவது? நாவில் ஒரு துளி விட்டுச் சொல்லிவிடுவோம் என்பார் உளர். அவர்தம் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் நாவுக்குச் சான்று காட்டத் தெரியாது. சான்று தேனுக்குள்ளேயே கிடக்கின்றது. மகரந்தத் துகள்களே அச்சான்று.

10 கிராம் தேனை 20 மில்லிலிட்டர் நீரில் கரைத்துச் சுழற்பொறியில் இட்டுச் சுழற்றினால் துகள்கள் அடியில் படியும். அப்படிவை நுண்நோக்காடியில் வைத்து எண்ணுவர். அந்தப் 10 கிராமில் 20,000 முதல் 1,00,000 துகள்கள் வரை இருப்பது இயல்பு. ஒவ்வொரு பூவின் துகளுக்கும் தனித்தனி வடிவம் உண்டு. சூரியகாந்தியின் துகள் முள் நிறைந்த உருண்டை. தைலமரத்தின் துகள் முக்கோணம். துகளின் மேலோடு எளிதில் அழியாத பொருளால் ஆயது. ஆதலின் தேனில் நெடுநாள் கிடந்தாலும் உருக்குலைவதில்லை.

ஒரு பூவின் துகள் 45 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அத்தேனை அப்பூவின் தேன் எனக் கொள்ளலாம் என்பது பொது விதி. விதி எளிதுதான், பூக்கள் அதற்கு அடங்குவதில்லை. ஐரோப்பியச் செசுட்நட் மரம் துகளை வாரி இறைப்பது. அதன் தேன் என்று சொல்ல 90 விழுக்காடும் வேண்டியிருக்கிறது. ஆரஞ்சுப் பூவோ துகளில் கருமி. அதற்கு 10, 20 விழுக்காடே போதும்.

கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தேனின் கதை இதனினும் விந்தையானது. ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும் காலத்தில், மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பு நுனியில் உள்ள சுரப்பிகளில் இன்சாறு ஊறுகிறது. தேனீக்கள் பூவை விட்டு இந்த இலைக்காம்பையே மொய்க்கின்றன. பூவே இல்லாத இடத்தில் பெற்ற தேனில் ரப்பர் மகரந்தத்தைத் தேடினால் எங்கே கிடைக்கும்? துகள் இல்லை என்ற ஒரு காரணத்தால் அதைப் போலி என்று தள்ளுவது தேனீ வளர்ப்போருக்கு இழைக்கும் அநீதி. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெரும்பகுதி இந்த இலைத்தேனே.

இனி, தேனின் உட்பொருளைக் காண்போம். நூற்றில் ஏறத்தாழ 38 பங்கு பழச்சர்க்கரை, 31 பங்கு குளுக்கோசு, 17 அல்லது 18 பங்கு நீர். எஞ்சியவை பிற சர்க்கரைகளும், அமிலங்களும், தாதுக்களும், நொதிகளும். குளுக்கோசு மிகுந்த தேன் விரைவில் உறையும். உறைந்த தேனைக் கண்டு, சர்க்கரை கலந்துவிட்டான் என்று வணிகரை ஏசுவோர் பலர். உறைதல் தேனின் இயல்பேயன்றிக் கலப்படத்தின் அடையாளமன்று.

தேன் கெடாதிருப்பதற்குக் காரணம் என்ன? இத்துணைச் செறிந்த சர்க்கரையில் நுண்ணுயிர் விழுந்தால் அதன் உடல்நீரைத் தேன் உறிஞ்சிவிடும். புளிப்புத்தன்மையும் துணை நிற்கும். இவை மட்டுமே காரணமாயின், நீர் கலந்த தேன் வலிமை இழந்துவிட வேண்டும். அவ்வாறு இழப்பதில்லை. இதற்குக் காரணமான பொருளுக்கு 1937-ல் செருமானியர் டோல்டு என்பாரும் அவர் குழுவினரும் இன்ஹிபின் என்று பெயர் மட்டும் வைத்தனர். அது ஐதரசன் பெராக்சைடே என்று 1963-ல் அமெரிக்க வேதியியலார் ஒயிட்டும் அவர்தம் துணைவரும் காட்டினர். தேனீ தன் சுரப்பியிலிருந்து சேர்க்கும் நொதி ஒன்று குளுக்கோசிலிருந்து இதனை உண்டாக்குகிறது. முதிர்ந்த தேனில் அந்நொதி உறங்கிக் கிடக்கும். புண்ணின் ஈரம் பட்டு நெகிழ்ந்ததும் வேலையைத் தொடங்கும். சில பூக்களிலிருந்து வரும் வேறொரு நொதி பெராக்சைடை அழித்துவிடுவதால், எல்லாத் தேனுக்கும் ஒரே ஆற்றல் இல்லை. கொதிக்கக் காய்ச்சினாலோ ஆற்றலை ஆக்கும் நொதியே அழிந்துபோகிறது.

நியூசிலாந்து நாட்டு மனூக்காப் புதரின் தேன், பெராக்சைடை நீக்கிய பின்னரும் கிருமிகளை ஒடுக்கியது. அந்த ஆற்றல் மெத்தில்கிளையாக்சல் என்னும் பொருளினுடையது என்பது 2008-ல் தெரியவந்தது. பூவின் மதுவிலுள்ள வேறொரு பொருள், தேன் முதிர முதிர இவ்வாறு மாறுகிறது. மருத்துவமனையில் புண்ணுக்கு இடும் தேனை காமாக் கதிரால் தூய்மை செய்தே பயன்படுத்துகின்றனர். சமையலறைப் புட்டித்தேனை ஆழ்ந்த புண்ணில் தடவுவது அதற்கு ஈடாகாது.

தூய்மை செய்வதன் காரணத்தைத் தாய்மார்கள் சிறப்பாக அறிதல் வேண்டும். தேன் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்குமேயன்றி, அதன் வித்துகளை அழிக்காது. பொட்டுலினம் என்னும் கொடிய கிருமியின் வித்து சிற்சில தேனில் அமைதியாகக் கிடப்பதுண்டு. வளர்ந்தோர் குடலில் அதற்கு இடமில்லை. பச்சிளங்குழவியின் குடலிலோ அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். குழந்தை பால் குடிக்க மாட்டாமல், அழுகுரலும் தேய்ந்து, கைகால் துவண்டுவிடும். மூச்சும் தடைப்படலாம். எனவே பிறந்த குழந்தைக்குத் தேனால் சேனை வைக்கும் வழக்கத்தை விட்டுவிடல் வேண்டும். ஓராண்டு நிறையும் வரை, எந்த மலையிலிருந்து வந்த தேனாயினும், எத்துணைத் தூயதாயினும், ஒரு துளியும் ஆகாது.