மாரி ஆந்தையும் கெமராவும்

கல்முனைப் பக்கத்தில் மாரி பெய்து கரைவாகு வயல்கள் நிறைந்தால், வளவுத் தென்னையில் மீன் ஆந்தை வந்து குந்துவது அதிசயமில்லை. மீனும் தவளையும் நண்டும்தான் அதன் முக்கிய இரை. 1788இல் விஞ்ஞானி க்மெலின் இதற்குப் பெயர் வைத்தபோது, இலங்கையின் பெயரையே அதில் சேர்த்தார்.

மஃரிப் பாங்கு நேரத்தில் இந்த ஆந்தையைப் படம் எடுத்தால் ஏன் மங்குகிறது? வெளிச்சம் குறைந்தால் கெமரா அதிக நேரம் திறந்திருக்கும். அதற்குள் கை ஆடினாலும் ஆந்தை தலை திருப்பினாலும் படம் கலங்கும். ஆந்தையின் விழிகள் குழாய் வடிவில் எலும்பு வளையத்துக்குள் இறுகி இருப்பதால் உருளாது; பக்கம் பார்க்கத் தலையைத்தான் திருப்ப வேண்டும். கழுத்தில் 14 எலும்புகள். ஏறக்குறைய 270 பாகை வரை திரும்பும். ஆனால் ஒரு திருப்பம் முடிந்ததும் சற்று நேரம் சிலைபோல் இருக்கும். அப்போதுதான் அழுத்த வேண்டும், கெமராவை மதிலில் ஊன்றிக்கொண்டு.

ஃபிளாஷ் வேண்டாம். இருட்டுக்காக அகல விரிந்த கண்ணில் அந்த வெளிச்சம் பட்டால் சற்று நேரம் பார்வை மங்கும், இரை தப்பும். போனில் ஆந்தைக் குரலைப் போட்டு அழைப்பதும் எனக்குப் பிடிக்காத தந்திரம். இன்னோர் ஆந்தை தன் எல்லைக்குள் வந்துவிட்டதென்று அது வேட்டையை விட்டுவிடும்.

மற்ற ஆந்தைகளைப் போல இது ஓசையில்லாமல் பறப்பதில்லை. இறகோரத்தை மென்மையாக்கும் மென்தூவி இதற்கு இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்குச் சிறகோசை எங்கே கேட்கப்போகிறது? ஆகவே கண்ணுக்கு முன்னால் காதைத் தீட்டுங்கள். அது வருவது கேட்கும்.