பிடிப்பும் சிக்னலும்

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் இரண்டு வருடங்களுக்கு முன் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றின் வயிறு சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. காய்ச்சல் இல்லை, அழுகை இல்லை. நல்ல புஷ்டியான குழந்தை என்று நான் உட்பட எல்லோரும் சொல்லிக் கொண்டிருந்தோம். குளிப்பாட்டும்போது வலது விலாவுக்குக் கீழே ஏதோ கெட்டியாகத் தட்டுப்படுகிறது என்று கண்டுபிடித்தவர் அதன் பாட்டிதான். ஸ்கேனில் கல்லீரல் கட்டி என்று தெரிந்தது. ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்றார்கள். பெரும்பாலும் 3 வயதுக்குள் வரும், அபூர்வமான புற்றுநோய்.

"மாமா, பால் பவுடர் கொடுத்தேனே, அதனாலயா?" என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டாள். நான் ரயில்வே சிக்னல் பிரிவில் ஓய்வு பெற்ற டிப்ளமாக்காரன், வைத்தியம் படித்தவனல்ல. ஆனால் அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. டாக்டர்களைக் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டதை வாசக அன்பர்களுக்கு எழுதுகிறேன்.

நம் உடலின் செல்கள் செங்கல் போலச் சும்மா அடுக்கப்பட்டவை அல்ல. ஒன்றையொன்று பிடித்துக் கொண்டிருக்கின்றன. ஒரு செல்லின் மேலுறையிலுள்ள கேட்ஹெரின் என்ற புரதம் பக்கத்துச் செல்லின் கேட்ஹெரினோடு கை கோர்க்கிறது. அந்தக் கையை உள்ளே செல்லின் சட்டத்தோடு இணைக்க உதவுவது பீட்டா கேட்டனின். லத்தீனில் கேட்டனா என்றால் சங்கிலி. 1980களின் கடைசியில் ஜெர்மனியில் ரால்ஃப் கெம்லர் குழுவினர் இட்ட பெயர். பழ ஈயின் கரு வளர்ச்சியில் செய்தி கொண்டு போகும் ஆர்மடில்லோ என்ற புரதமும் இதுவும் ஒரே குடும்பம் என்பது 1991ல் தெரிய வந்தது. பிடித்து நிறுத்துவதும் இதுவே, 'வளர்' என்று செய்தி சொல்வதும் இதுவே!

எனக்கு இதில் வியப்பில்லை. தண்டவாளம் வண்டியின் பாரத்தையும் தாங்குகிறது, டிராக் சர்க்யூட்டின் சிறு மின்சாரத்தையும் கடத்துகிறது. வண்டி வந்தால் சக்கரம் இரு தண்டவாளத்தையும் இணைத்துவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். துறைமுகப் பக்கம் வண்டி அதிகம் ஓடாத லைனில் உப்புக் காற்றால் துரு ஏறினால் வண்டி நிற்கும்போதே பச்சை எரியலாம். இதை 'ராங் சைடு ஃபெயிலியர்' என்போம். எங்கள் இலாகாவில் இதைவிடப் பயப்படுவது எதுவுமில்லை.

செல்லிலும் அதுதான் நடக்கிறது. பிடிப்பு வேலையில் இல்லாமல் உதிரியாகத் திரியும் பீட்டா கேட்டனினுக்கு ஏபிசி, ஆக்ஸின் முதலிய புரதங்கள் அடங்கிய குழு ஒன்று பாஸ்பேட் குறி போட்டு அழிக்கிறது. வெளியிலிருந்து 'விண்ட்' என்ற வளர்ச்சிச் செய்தி வந்தால் மட்டும் குறி போடுவது நிற்கும். தப்பியது உட்கருவுக்குள் போய் வளர்ச்சி ஜீன்களைத் தூண்டும். ஹெப்பட்டோபிளாஸ்டோமாக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்தப் புரதத்தின் ஜீனில் குறி விழும் இடமே மாறியோ அறுந்தோ போயிருக்கிறது. அழிக்க வழியில்லை, செய்தி வராமலே பச்சை எரிகிறது.

இந்தப் பிழை பெரும்பாலும் கட்டியின் செல்லில் மட்டும் தானாக நேர்வது. ஏபிசி ஜீன் குறை பரம்பரையாக உள்ள சில குடும்பங்களிலும், மிகக் குறைந்த எடையோடு குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிலும் வாய்ப்புச் சற்று அதிகம். பால் பவுடருக்கு இதில் பங்கில்லை. அந்தப் பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன்.

பீட்டா கேட்டனினையே அடக்கும் மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. சிஸ்பிளாட்டின் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி வெட்டி எடுக்கிறார்கள். முடியாவிட்டால் கல்லீரல் மாற்று. அதிக ஆபத்தில்லாத நிலையில் சிஸ்பிளாட்டின் மட்டுமே பெற்ற குழந்தைகளில் 100க்கு 95 பேர் 3 ஆண்டுக்குப் பிறகும் உயிரோடிருந்ததாக 2009ல் ஒரு ஐரோப்பிய ஆய்வு கூறியது. இம்மருந்து காது கேட்பதைக் கெடுக்கும். மருந்து கொடுத்து 6 மணி நேரம் கழித்து சோடியம் தயோசல்பேட் ஏற்றினால் அந்தப் பாதிப்பு 100க்கு 63லிருந்து 33 ஆகக் குறைகிறது என்று 2018ல் தெரிந்தது. பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் பிலிம் கழுவிய அதே ஹைப்போ! திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

எங்கள் தெருக் குழந்தைக்குக் கட்டியை எடுத்துவிட்டார்கள். ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையை விடாமல் செய்கிறார்கள். கட்டி திரும்பினால் முதலில் அந்த எண் ஏறும். போன மாதமும் சரியாகவே இருந்தது. பாட்டி மட்டும் இன்னும் குளிப்பாட்டும்போது விலாவுக்குக் கீழே தடவிப் பார்க்கிறார்.