மண்ணுக்கும் நாடி பார்க்க வேண்டும்!

உடம்புக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியர் நாடி பார்க்கிறார். பிறகுதான் மருந்து கொடுக்கிறார்.

நிலத்துக்கு மட்டும் நாடி பார்க்காமலே மருந்து போடுகிறோம்! பக்கத்து வயல்காரர் 2 மூட்டை யூரியா போட்டால், நாமும் 2 மூட்டை போடுகிறோம்.

இது சரியா? சரி அல்ல.

அளவுக்கு மிஞ்சினால்...

யூரியாவில் இருப்பது தழைச்சத்து. அளவோடு போட்டால் பயிர் செழிக்கும். அளவு மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாக வளரும். பூச்சி தேடி வரும். நெல் சாய்ந்து விடும்.

பயிர் உண்டது போக மீதி எங்கே போகிறது? ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. ஒரு பகுதி நைட்ரேட் என்னும் உப்பாகி, தண்ணீரோடு இறங்கிக் கிணற்றில் சேருகிறது.

நைட்ரேட் மிகுந்த தண்ணீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. அதைப் புட்டிப்பாலில் கலந்து கொடுத்தால், ரத்தம் பிராண வாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கும். குழந்தையின் உடம்பு நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது.

ஆகவே, மண் பரிசோதனை என்பது வயல் காரியம் மட்டும் அல்ல. வீட்டுக் காரியமும்தான்.

12 விவரங்கள்

2015-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந்தேதி, ராஜஸ்தானில் உள்ள சூரத்கரில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கப்பட்டது. அந்த அட்டையில் 12 விவரங்கள் உண்டு.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம் ஆகியவை 4. துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகியவை 5. அமிலம் அல்லது காரம், உப்பு, கரிமச்சத்து ஆகியவை 3.

அமிலம், காரத்துக்கு ஓர் எண் போடுவார்கள். 7 என்றால் நடுநிலை. 7-க்கு மிகவும் கீழே போனால் அமில மண். சுண்ணாம்பு இடச் சொல்வார்கள். மிகவும் மேலே போய்க் களர் நிலமானால், ஜிப்சம் இடச் சொல்வார்கள்.

கரிமச்சத்து, மக்கிய தழையாலும் எருவாலும் வருவது. 100 கிலோ மண்ணில் இது அரைக் கிலோவுக்குக் குறைந்தால், மண் பசியோடு இருக்கிறது என்று பொருள். தொழுஉரம் போட வேண்டும். சணப்பை, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும்.

மண் எடுப்பது எப்படி?

அறுவடை முடிந்ததும், உரம் போடுவதற்கு முன் மண் எடுங்கள். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குழி அருகே எடுக்காதீர்கள்.

வயலில் 10 அல்லது 15 இடங்களில் சருகை விலக்கி, அரை அடி ஆழம் குழி வெட்டுங்கள். குழியின் பக்கத்தை மேலிருந்து கீழாகச் செதுக்கி மண் எடுங்கள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்துங்கள்.

உலர்ந்த மண்ணைப் பரப்பி 4 பாகமாக்குங்கள். எதிரெதிரே உள்ள 2 பாகங்களைத் தள்ளி விடுங்கள். அரைக் கிலோ மிஞ்சும் வரை இப்படியே செய்யுங்கள்.

உரச் சாக்கில் மட்டும் பரப்பாதீர்கள். சாக்கில் ஒட்டிய உரம் பொய்க்கணக்குக் காட்டும்!

பெயர், சர்வே நம்பர், அடுத்த பயிர் ஆகியவற்றை எழுதி, துணிப்பையில் கட்டி, வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுங்கள்.

பெட்டியில் பூட்டாதீர்கள்

அட்டை கைக்கு வந்ததும் சிலர் பெட்டியில் வைத்துப் பூட்டி விடுகிறார்கள். அதனால் பயன் இல்லை. உரக்கடைக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டு போங்கள். அதில் கண்ட அளவுக்கு மேல் ஒரு கிலோ கூட வாங்காதீர்கள்.

பணம் மிஞ்சும். மண் பிழைக்கும். கிணற்றுத் தண்ணீரும் கெடாது.