ஓடம் தோளில் ஏறும் வழி

அட்லஸில் வட அமெரிக்கப் பக்கத்தைத் திருப்புங்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மூலை, கனடாவை ஒட்டிய பகுதி. அங்கே நியூயார்க் மாநிலத்தில் ஓல்டு ஃபோர்ஜ் என்று ஒரு சிற்றூர். மெய்ன் மாநிலத்தின் வட எல்லையில் ஃபோர்ட் கென்ட் என்று இன்னொன்று. இரண்டும் சின்ன ஊர்கள், உங்கள் அட்லஸில் இல்லாமலும் போகலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவே காடும் ஏரியும் ஆறுமாக 1,190 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்வழி போகிறது. அதன் பெயர் வடக்குக் காட்டுக் கனூ வழி. 2006-இல் முழு வழியாகத் திறக்கப்பட்டது. கனூ என்றால் ஒடுங்கி நீண்ட, இரு முனையும் கூரான சின்னப் படகு. அதில் ஒற்றை ஆளாக ஏறி, பல வாரம் துடுப்புப் போட்டு, இந்த முழுத் தூரத்தையும் கடக்கிறவர்கள் உண்டு.

கேட்டதும் என்ன நினைப்போம்? படகில் உட்கார்ந்தால் ஆறு இழுத்துக்கொண்டு போய் ஊர் சேர்த்துவிடும் என்றுதானே? அப்படியில்லை. இது ஒரு ஆறு அல்ல. இருபதுக்கும் மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும், ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளும் கோத்துச் செய்த வழி. பயணி மேற்கிலிருந்து கிழக்கே போக நினைக்கிறார். ஆறுகளோ தத்தம் சரிவைப் பார்த்து ஓடுகின்றன. சாரனாக் ஆறு கிழக்கே ஓடிச் சாம்ப்ளெய்ன் ஏரியில் விழுகிறது. அதுவரை நல்லது. ஏரியைக் கடந்தால் எதிரே மிஸ்ஸிஸ்கோய் ஆறு மேற்கு நோக்கி வருகிறது. அதில் எதிர்நீச்சல்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். அசையாத ஏரியில் ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் துடுப்புப் போடுகிறார். ஆற்று நீர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வந்தால் அவர் மணிக்கு 2 கிலோமீட்டர்தான் முன்னேறுவார். சற்றே துடுப்பை ஓய்த்தால் பின்னால் போய்விடுவார். ஆனால் ஆற்றின் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. கரையையும் அடித்தரையையும் உரசிச் செல்லும் நீர் மெதுவாக ஓடும். நடு ஆற்று நீர் விரைந்து ஓடும். பெரிய பாறையின் பின்புறத்திலோ நீர் திரும்பி மேல்நோக்கியே நகரும். அதனால் அனுபவசாலி கரையை ஒட்டியே போவார். ஒரு பாறையின் பின்னால் ஒதுங்கி மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த பாறையின் மறைவுக்குத் தாவுவார். ஆழம் குறைந்தால் நீளக் கோலை ஊன்றித் தள்ளுவார். அதுவும் முடியாவிட்டால் இறங்கி, கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுப்பார்.

சரி, ஒரு ஆற்றின் மேல்முனைக்கு வந்தாயிற்று. இனி நீர் இல்லை, மேடு. மேட்டுக்கு அப்பால் இன்னொரு ஆறு பிறந்து வேறு பக்கம் ஓடுகிறது. மழைநீரை இரண்டாகப் பிரித்து அனுப்பும் இந்த மேட்டை நீர்ப்பிரிமேடு என்கிறோம். வெர்மான்ட் மாநிலத்தில் ஐலண்ட் பாண்ட் என்ற ஊர்ப்பக்கம் இப்படி ஓர் இடம் இருக்கிறது. அங்கே இந்தப் பக்கம் விழும் மழைத்துளி கிளைட் ஆற்றில் இறங்கி, வடக்கே போய், கனடாவின் செயின்ட் லாரன்ஸ் பெருநதியில் சேரும். சற்றுத் தள்ளி விழுந்த துளி நல்ஹீகன் ஆற்றில் இறங்கி, கனெக்டிகட் ஆற்றோடு தெற்கே போய்க் கடலில் கலக்கும். பக்கத்துப் பக்கத்தில் விழுந்த இரண்டு துளிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் கடலைக் காண்கின்றன!

துளிக்குச் சரிவு வழி காட்டிவிடுகிறது. பயணி எப்படி மேட்டைத் தாண்டுவது? படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ‘ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அது இங்கே அன்றாட நடப்பு. சாலை நன்றாக இருக்கும் இடத்தில் இரண்டு சக்கரம் வைத்த சின்ன வண்டியில் கனூவைக் கட்டி இழுத்துப் போகிறார்கள். காட்டுப் பாதையில் சக்கரம் உருளாது. அங்கே கனூவைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றுகிறார்கள். படகின் எடை முன்னும் பின்னும் சமமாக நிற்கும் நடுப்புள்ளியில், கழுத்துக்கு இடம் விட்டுச் செதுக்கிய குறுக்குக்கட்டை ஒன்று இருக்கும். அது தோளில் அமர்ந்தால் படகு எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். இப்படி இழுத்தோ சுமந்தோ நடக்க வேண்டிய இடங்கள் இந்த வழியில் அறுபதுக்கும் மேல்.

தனியாகப் போகிறவருக்கு இதில் ஒரு சங்கடம். இரண்டு பேர் என்றால் ஒருவர் படகையும் மற்றவர் மூட்டையையும் எடுத்துக்கொள்ளலாம். ஒற்றை ஆள் முதலில் படகைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து, மூட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி நடக்க வேண்டும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மிஸ்ஸிஸ்கோய் ஆற்றிலிருந்து மெம்ஃப்ரமேகாக் ஏரிக்குப் போகும் பெரிய சுமப்பு சுமார் ஒன்பது கிலோமீட்டர். எல்லாவற்றையும் ஒரே நடையில் எடுத்துப் போக முடியாதவருக்கு அது எத்தனை கிலோமீட்டர் ஆகும்? நீங்களே சொல்லுங்கள்.

இருபத்தேழு! அதனால்தான் கனூ உலகத்தில் எடையைப் பற்றி இவ்வளவு பேச்சு. இதில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ். நெஸ்மக் என்ற புனைபெயரில் பத்திரிகைகளில் எழுதியவர். மெலிந்த, குள்ளமான மனிதர். எடை ஐம்பது கிலோ அளவுதான். காசநோய் வேறு. கனத்த படகைத் தூக்க அவரால் முடியாது. அந்தக் காலத்தில் காட்டுக்குப் போகும் செல்வந்தர்கள் படகைச் சுமக்கக் கூலிக்கு வழிகாட்டி வைத்துக்கொள்வார்கள். சியர்ஸிடம் அதற்குப் பணம் இல்லை. அவர் ரஷ்டன் என்ற படகுத் தச்சரிடம் போய், தன்னால் தூக்க முடிந்த படகு ஒன்று வேண்டும் என்று கேட்டார். ரஷ்டன் மெல்லிய சீடர் மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பேற்றி ஒன்பது அடி நீளத்தில் ஒரு கனூ செய்து கொடுத்தார். எடை ஐந்து கிலோகூட இல்லை! 1883-இல், அறுபது வயதைத் தாண்டிய சியர்ஸ் அந்தப் படகில் தன்னந்தனியாக அடிரோண்டாக் மலைக்காட்டு ஏரிகளில் 428 கிலோமீட்டர் போய் வந்தார். அந்த ஏரிகளில் பலவற்றின் ஊடேதான் இன்றைய கனூ வழியும் தொடங்குகிறது.

இவ்வளவு மெல்லிய படகு எப்படி மனிதனைத் தாங்கியது? மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடம்பெயர்க்கும் என்று ஆர்க்கிமிடீஸ் கண்டறிந்ததைப் படித்திருப்பீர்கள். சியர்ஸ் 50 கிலோ. படகு, போர்வை, கோடரி, தூண்டில், இரண்டு நாள் உணவு எல்லாம் சேர்த்து 12 கிலோவுக்குள் என்று அவரே எழுதியிருக்கிறார். மொத்தம் 62 கிலோ. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஆக, 62 லிட்டர் நீரை ஒதுக்கினால் படகு மிதந்துவிடும். வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் தண்ணீர் கேன் மூன்றை அடுக்கினால் என்ன இடம் பிடிக்குமோ, கிட்டத்தட்ட அந்த அளவு பள்ளம் நீரில் விழுந்தால் போதும். படகின் பலகை தடிமனாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. நீரை உள்ளே விடாத தோலாக இருந்தால் சரி.

இந்த உண்மையை ஆர்க்கிமிடீஸ் பெயரைக் கேள்விப்படாமலே கண்டுபிடித்தவர்கள் அந்தக் காட்டின் ஆதிக்குடிகள். பெனோப்ஸ்காட் உள்ளிட்ட வபனாக்கி மக்கள் பிர்ச் மரத்தின் பட்டையை உரித்துப் படகு செய்தார்கள். அந்தப் பட்டையில் பெட்டுலின் என்ற பொருள் நிறைந்திருக்கிறது. பட்டைக்கு வெள்ளை நிறம் தருவதும், நீரை ஒட்டவிடாமல் செய்வதும் அதுதான். ஸ்ப்ரூஸ் மரத்தின் வேரைப் பிளந்து நூலாக்கிப் பட்டைகளைத் தைத்தார்கள். அதே மரத்தின் பிசினோடு கொழுப்பைக் கலந்து காய்ச்சித் தையலில் பூசினார்கள். உள்ளே சீடர் மரச் சட்டங்கள். ஓர் ஆணிகூடக் கிடையாது. வழியில் பாறை கிழித்தால், பழுது பார்க்கும் பொருளெல்லாம் கரையிலேயே நின்றது. இன்று நாம் ‘வடக்குக் காட்டுக் கனூ வழி’ என்று வரைபடத்தில் கோடிழுத்திருப்பது பெரும்பாலும் அவர்கள் நடந்து நடந்து பதித்த தடங்கள். அவர்களுடைய அறிவுக்கு இந்த வழியில் முதல் மரியாதை தர வேண்டும் என்பேன்.

இத்தனை ஏரிகள் எங்கிருந்து வந்தன? பனியுகத்தில் அந்த நிலம் முழுவதையும் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடித்த பனிக்கட்டி மூடியிருந்தது. அது நகரும்போது அடியில் இருந்த பாறையைச் சுரண்டிப் பள்ளங்கள் தோண்டியது. உருகிப் பின்வாங்கும்போது மண்ணையும் கல்லையும் பள்ளத்தாக்குகளின் குறுக்கே கொட்டி அணைகள் போட்டுவிட்டுப் போனது. பனி விலகிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஆறுகள் அந்தக் குழப்பத்தை இன்னும் அரித்துச் சீர்செய்து முடிக்கவில்லை. ஏரிகள் நெருக்கமாக இருப்பதால் சுமப்புகள் குறுகின. கனூ வழி உண்டாயிற்று.

ஏரியில் போகும்போது தனிப் பயணியின் முதல் கவலை, படகு நேரே போகாதது. வலப்பக்கம் துடுப்புப் போட்டால் படகு முன்னால் போவதோடு இடப்பக்கம் திரும்பவும் செய்யும். விசை படகின் நடுக்கோட்டில் இல்லாமல் ஓரத்தில் இருப்பதே காரணம். ஒவ்வொரு முறையும் பக்கம் மாற்றினால் கை ஓய்ந்துவிடும். ஆகவே வலிப்பின் முடிவில் துடுப்பை வெளிப்புறமாக ஒரு தள்ளுத் தள்ளுவார்கள். துடுப்பு போகும் பாதை ‘ஜே’ என்ற ஆங்கில எழுத்தைப் போல வளைவதால் அதற்கு ஜே வலிப்பு என்று பெயர். திரும்பப் பார்த்த படகு அந்தத் தள்ளலில் நேராகிவிடும்.

அடுத்த கவலை காற்று. அலையின் உயரம் மூன்றைப் பொறுத்தது: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையில்லாமல் நீர்மேல் அது ஓடும் தூரம். சாம்ப்ளெய்ன், மூஸ்ஹெட் போன்ற பெரிய ஏரிகளில் அந்தத் தூரம் பல கிலோமீட்டர். பகலில் வெயில் நிலத்தைச் சூடாக்க, சூடான காற்று மேலெழும். மேலே வேகமாக ஓடும் காற்று கீழே கலந்து இறங்கும். அதனால் நடுப்பகலில் ஏரி கொந்தளிக்கும். விடியற்காலையில் இந்தக் கலப்பு இல்லை, ஏரி அடங்கிக் கிடக்கும். தனிப் பயணிகள் இருட்டிலேயே எழுந்து கூடாரத்தைச் சுருட்டுவது இதற்காகத்தான். நேராகக் குறுக்கே போனால் தூரம் மிச்சம் என்றாலும் கரையோரமாகவே போவார்கள். ஏனென்றால், வசந்தகாலத்தில் பனி உருகிய அந்த நீர் மிகக் குளிர்ந்தது. வெப்பத்தைக் கடத்தும் திறன் காற்றைவிட நீருக்குச் சுமார் 25 மடங்கு அதிகம். விழுந்தவருடைய உடல் சூட்டை நீர் வேகமாக உறிஞ்சிவிடும். சில நிமிடங்களிலேயே விரல்கள் மடங்காமல் போகும். கைகொடுத்துத் தூக்க அருகில் ஆள் இல்லை. மிதவைச் சட்டையைக் கழற்றவே கூடாது என்பது தனிப் பயணிக்கு முதல் விதி.

வழியின் கடைசிப் பகுதியில் மெய்ன் மாநிலத்து அலகாஷ் ஆறு வருகிறது. அது வடக்கு நோக்கி ஓடுவதால் இனி நீரோடு போகலாம். வேகநீரில் எங்கே பாறை மறைந்திருக்கிறது என்று நீரின் மேற்பரப்பே காட்டிக்கொடுக்கும். நீர்ப்பரப்பில் கூர்முனை வடிவம் ஒன்று தெரியும். அதன் கூர் உங்களை நோக்கி, அதாவது மேலாற்றுப் பக்கம் இருந்தால், அந்தக் கூரில் ஒரு பாறை இருக்கிறது; நீர் அதில் மோதி இருபுறமும் பிரிகிறது. கூர் கீழாற்றுப் பக்கம் இருந்தால், இரண்டு பாறைகளுக்கு நடுவே நீர் குவிந்து ஓடுகிறது. அதுவே படகு போகும் வாசல்.

இப்போது நீங்கள் செய்து பார்க்க ஒரு சோதனை. அலுமினியத் தாளை மடித்து ஒரு சாண் நீளத்தில் ஒடுங்கிய படகு செய்யுங்கள். அகன்ற தொட்டியில் மிதக்கவிட்டு, நாணயங்கள் எல்லாவற்றையும் பின்முனையில் வையுங்கள். முன்முனை தூக்கிக்கொள்ளும். இப்போது பக்கவாட்டிலிருந்து ஒரு விசிறியால் மெல்ல வீசுங்கள். படகு எந்தப் பக்கம் திரும்புகிறது? பிறகு நாணயங்களைச் சமமாகப் பரப்பி மறுபடி வீசுங்கள். பெரிய கனூவின் பின் இருக்கையில் தனியாக உட்கார்ந்து போகிற ஒருவர், தன் மூட்டையை எந்த இடத்தில் வைத்துக் கட்டுவார் என்று எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.