காட்டிலே ஒரு புதையல் வேட்டை!

பெட்டியும் இல்லை, பொன்னும் இல்லை!

கையில் ஒரு சிறு கருவி. அதில் சில எண்கள். அந்த எண்கள் காட்டும் இடத்தை நோக்கிச் சிறுவர்களும் பெரியவர்களும் ஆவலோடு நடக்கிறார்கள். மரப்பொந்தில் பார்க்கிறார்கள்; பாறை இடுக்கில் தேடுகிறார்கள். "கிடைத்துவிட்டது!" என்று ஒரு குரல் கேட்கிறது. இடுக்கில் இருந்து ஒரு டப்பா வெளியே வருகிறது!

இதற்கு "ஜியோகேச்சிங்" என்று பெயர். இப்படி மறைத்து வைக்கப்பட்ட புதையல்கள் உலகம் எங்கும் 30 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன.

வாளியில் பிறந்த விளையாட்டு

நாம் நிற்கும் இடம் எது என்று வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களைக் கொண்டு அறியலாம். இந்த முறைதான் ஜி.பி.எஸ். ஆனால் பொதுமக்களின் கருவிகள் இடத்தைச் சரியாகக் காட்டாதபடி, அமெரிக்க அரசாங்கம் வேண்டும் என்றே பிழையைக் கலந்து வைத்து இருந்தது. 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது.

மறுநாளே, மே 3-ந்தேதி, அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த டேவ் உல்மர் என்பவர் ஒரு காரியம் செய்தார். ஒரு கறுப்பு வாளியில் சில புத்தகங்கள், ஒரு கவண், ஒரு பீன்ஸ் டப்பா முதலியவற்றைப் போட்டுக் காட்டுப் பகுதியில் மறைத்து வைத்தார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எல்லோரும் அறிய வெளியிட்டார். "ஒரு பொருளை எடுத்தால், வேறு ஒன்றை வையுங்கள்" என்பதே நிபந்தனை. சில நாட்களுக்குள் வாளி கண்டுபிடிக்கப்பட்டது. விளையாட்டும் பரவியது.

பறவைக்கு வந்த ஆபத்து

ஆனால் காட்டில் மறைந்து இருப்பது டப்பா மட்டும்தானா? தரையில் முட்டை இடும் பறவைகள் உண்டு. மண்ணின் நிறமே முட்டையின் நிறம். டப்பாவைத் தேடும் கண்ணுக்கு முட்டை தெரியாது, மிதித்து விடுவார்கள். தாய்ப் பறவை பயந்து பறந்தால், முட்டை குளிர்ந்து போகும். அல்லது காக்கைக்கு இரையாகும்.

டப்பாவில் தின்பண்டம் இருந்தாலோ, வாசனை பிடித்து வரும் மிருகங்கள் அதைக் கடித்துக் குதறும். பலர் நடந்து நடந்து, புல் இருந்த இடத்தில் புதுப் பாதையே உண்டாகிவிடும்.

ஆகவே கட்டுப்பாடுகள் வந்தன. மண்ணைத் தோண்டிப் புதைக்கக்கூடாது. உணவுப் பொருள் வைக்கக்கூடாது. இடத்துக்குப் பொறுப்பானவர்களின் அனுமதி வேண்டும். அமெரிக்காவின் வனவிலங்குப் புகலிடங்களில் பெட்டியை விட்டுவிட்டு வருவதற்கே தடை!

கண்ணே சாட்சி

பெட்டி இல்லாமல் விளையாட முடியாதா? முடியும்! 2004-ம் ஆண்டு "எர்த்கேச்" என்ற புதுமுறை வந்தது. முதல் எர்த்கேச், ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குத் தெற்கே, முரமராங் தேசியப் பூங்காவின் கடலோரத்தில் அமைந்தது.

அங்கே பெட்டி கிடையாது. எண்கள் காட்டும் இடத்தில் பழம்பெரும் பாறைகள் இருக்கின்றன. அவற்றைக் கூர்ந்து பார்த்து, கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். விடையை அனுப்பினால் வெற்றி!

அதே பூங்காவின் கடலோரப் புல்வெளிகளில், காலையிலும் மாலையிலும் சாம்பல்நிறக் கங்காருகள் மேயும். தாயின் வயிற்றுப் பையில் இருந்து குட்டி எட்டிப் பார்க்கும். எட்ட நின்று பார்த்தால் அவை பாட்டுக்கு மேயும். கிட்டே போனால் மிரளும். மிரண்டு ஓடும் தாயின் பையில் இருந்து குட்டி விழுந்து விடுவதும் உண்டு. குட்டிக்கு வேறு துணை ஏது?

டப்பா மறைந்து இருப்பது விளையாட்டுக்காக. முட்டையும் குட்டியும் மறைந்து இருப்பது உயிருக்காக. கண்ணால் காணலாம், கையால் தொடலாகாது. தொடாமல் விட்டு வந்தால், நாளை வருகிறவர்களுக்கும் அந்தப் புதையல் இருக்கும்!