விதியும் அதன் காரணமும்: அவுஸ்திரேலியத் தொலைத்தொடர்பு வடமிடுநரின் பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

விதிகளைக் கற்பித்தல் என்பது அவற்றை மனனஞ் செய்வித்தலே என்று கொள்ளும் வழக்கம் தொழிற்கல்வித் துறையில் இன்றும் நிலவுகின்றது. இக்கருத்து எத்துணைப் பொருத்தமானது என்பதை ஆராய்வதற்கு, அவுஸ்திரேலியாவில் வீடுகளிலும் அலுவலகங்களிலும் தொலைத்தொடர்பு வடங்களை இடும் தொழிலாளர் பெறும் பயிற்சி நல்லதொரு சான்றாக அமைகின்றது.

முன்னைய காலத்தில் அந்நாட்டில் இப்பணி பெரும்பாலும் அரச தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஊழியர்களிடமே இருந்தது. 1989ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் பின்னர் இந்நிலை மாறத் தொடங்கியது. ஒழுங்குபடுத்தும் பொறுப்பு ஒஸ்ரெல் என்னும் தனியமைப்பிடம் சென்றது. 1997இல் புதிய சட்டம் வந்தது. 2000ஆம் ஆண்டில் அரசு நேரடியாக அனுமதிப்பத்திரம் வழங்கும் முறை கைவிடப்பட்டு, தொழிற்றுறை சார்ந்த பதிவாளர்கள் வடமிடுநரைப் பதிவுசெய்யும் முறை ஏற்பட்டது. 2005ஆம் ஆண்டிலிருந்து அவுஸ்திரேலியத் தொடர்பாடல், ஊடக அதிகாரசபை இதனை மேற்பார்வை செய்துவருகின்றது.

பதிவு ஒரே தன்மையதன்று. வீடுகளையும் சிறிய வணிக நிலையங்களையும் ஒத்த எளிய அமைப்புகளில் மட்டும் பணியாற்றுவோர்க்கு வரையறுக்கப்பட்ட பதிவும், பெருங்கட்டடங்கள் உட்பட எவ்விடத்தும் பணியாற்றுவோர்க்குத் திறந்த பதிவும் உண்டு. முன்னையதற்கு 80 மணித்தியாலத் தொழிலனுபவமும், பின்னையதற்கு 360 மணித்தியால அனுபவமும், உரிய பயிற்சியோடு சேர்த்து வேண்டப்பட்டுள்ளன. ஒளியிழை, ஓரச்சு வடம், கட்டமைப்பு வடமிடல் ஆகியவற்றைக் கையாள்வதற்குத் தனித்தனித் தகைமைகள் தேவை.

இங்கு நாம் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. வேலை முடிந்ததும், அது விதிகளுக்கு அமைவானது என்று ரி.சி.ஏ. 1 எனப்படும் படிவத்தில் கையொப்பமிட்டு வாடிக்கையாளரிடம் கொடுப்பவர் வடமிடுநரே. அதிகாரசபை சோதனைகளை நடத்துவதுண்டாயினும், ஒவ்வொரு வீட்டுக்கும் பரிசோதகர் வந்து பார்ப்பதில்லை. சுவருக்குள் மறைந்துபோகும் வடத்தைப் பின்னர் எவரும் காணப்போவதுமில்லை. எனவே தொழிலாளியின் அறிவும் மனச்சான்றுமே முதற் காவலாகின்றன. அவ்வறிவைத் தருவது பயிற்சியாதலின், இம்முறையின் முழுப் பாரத்தையும் பயிற்சியே தாங்குகின்றது எனலாம்.

அப்பயிற்சியின் மூலநூல் எஸ் 009 எனக் குறிக்கப்படும் கம்பியிடல் விதிகளாகும். இது 2001, 2006, 2013, 2020 ஆகிய ஆண்டுகளில் வெளியிடப்பட்ட பதிப்புகளைக் கொண்டது. அதிலுள்ள நன்கறியப்பட்ட விதியொன்றை எடுத்துக்கொள்வோம். தொலைத்தொடர்பு வடத்துக்கும் வீட்டு மின்வடத்துக்கும் இடையே தகுந்த தடுப்பு இல்லாதவிடத்து 50 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். இத்தொகையை மட்டும் அறிந்தவர் இடநெருக்கடியில் அதனை 40 ஆகக் குறைத்தால் என்ன என்று எண்ணக்கூடும். காரணத்தை அறிந்தவர் அவ்வாறு எண்ணார். மின்வடத்தின் காவலி சிதைந்து 230 வோல்ற்று அழுத்தம் தொலைத்தொடர்பு வடத்தினுட் புகுமாயின், அது அந்த இடத்தோடு நில்லாது. அடுத்த அறையில் கருவியைத் தொடுபவரையும், தொலைவில் அவ்வடத்தின் மறுமுனையில் வேலைசெய்யும் வேறொரு தொழிலாளியையும் தாக்கவல்லது. இடைவெளி என்பது முன்பின் அறியாத அந்த மனிதருக்கு அளிக்கப்படும் பாதுகாப்பாகும்.

காரணத்தைக் கற்பிப்பதன் இன்றியமையாமையைத் தொழில்நுட்ப மாற்றமும் வலியுறுத்துகின்றது. செய்தியை மட்டும் சுமந்த கணினி வலையமைப்பு வடங்கள் இன்று மின்வலுவையும் சுமக்கின்றன. இதற்கான சர்வதேச நியமம் 2003இல் 15.4 உவாற்றையும், 2009இல் ஏறத்தாழ 30 உவாற்றையும், 2018இல் 90 உவாற்றையும் வழங்கும் நிலையை எட்டியது. வடங்கள் பலவற்றை ஒரே கட்டாக இறுகக் கட்டும்போது நடுவிலுள்ளவற்றின் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்குகின்றது. அழகுக்காக இறுகக் கட்டப்பழகிய கை, இன்று ஏன் தளர்த்தவேண்டும் என்பதை அறியவேண்டியுள்ளது. பழைய பதிப்பை மனனஞ் செய்து பதிவைப் பெற்றவர் உரிய காலத்தில் கட்டணஞ் செலுத்திப் பதிவைப் புதுப்பிப்பதனால் மட்டும் இவ்வறிவைப் பெற்றுவிடமாட்டார்.

பயிற்சி குன்றுமிடத்து நேர்வது யாது என்பதற்கு அந்நாட்டிலேயே துயரமான சான்றுண்டு. 2009, 2010ஆம் ஆண்டுகளில் வீடுகளின் உட்கூரைகளில் வெப்பக் காப்பிடும் அரச திட்டமொன்றில் இளந்தொழிலாளர் நால்வர் உயிரிழந்தனர். அவர்களுள் மூவர் மின்தாக்கத்தினால் இறந்தனர். அவர்கள் வடமிடுநர் அல்லர். எனினும் வடமிடுநர் நாள்தோறும் தவழ்ந்து செல்லும் அதே இருண்ட இடத்திலேயே அவர்களும் வேலைசெய்தனர். அத்திட்டத்தில் மேற்பார்வையாளர் பயிற்சி பெற்றிருந்தாற் போதும் என்று கொள்ளப்பட்டிருந்தது. இக்குறைபாட்டை 2014இல் அரச விசாரணை ஆணைக்குழு கண்டித்தது. வடமிடல் துறையிலும் பதிவற்றவர் பதிவுபெற்றவரின் நேரடி மேற்பார்வையின்கீழ் வேலைசெய்ய இடமுண்டாதலின், இப்பாடம் அத்துறைக்கும் உரியதே.

இறுதியாக, அறிவு யாருடைய உடைமை என்னும் வினா எழுகின்றது. எஸ் 009 விதிநூல் எவரும் விலையின்றிப் பெறக்கூடியதாக உள்ளது. மின்னிணைப்புத் தொழிலாளர் பின்பற்றவேண்டிய பொது மின்விதி நூலோ விலைகொடுத்து வாங்கவேண்டியதொன்று. சட்டத்தின் பெயரால் ஒருவரைக் கட்டுப்படுத்தும் நூல் அவர் கைக்கெட்டாதிருத்தல் நீதியாகாது. இவ்வகையில் முன்னைய ஏற்பாடு பாராட்டத்தக்கது. ஆயினும் நூல் கைக்கெட்டுதல் மட்டும் போதாது. வேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர் காரணங்களைக் கற்பதற்கு ஒதுக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அவருடைய வருமானத்தினின்று கழிகின்றது. அந்நேரத்தின் செலவை வேலைகொடுப்போரும் அரசும் ஏற்காதவரை, பயிற்சி என்பது பதிவட்டையைப் பெறும் சடங்காகவே எஞ்சும். படிவத்திற் கையொப்பமிடும் பொறுப்பைத் தொழிலாளியிடம் ஒப்படைத்த சமூகம், அக்கையொப்பத்துக்குப் பொருளூட்டும் அறிவையும் அவருக்கு வழங்கக் கடமைப்பட்டுள்ளது என்பதே நமது கருத்தாகும்.