பாட்டியின் மீட்டரும் டாக்டரின் அறிவுரையும்

ஸ்ட்ராபெரி பறித்த கையைக் கழுவாமல் விரலைக் குத்தி, குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு இரத்தம் வைத்தால் என்ன ஆகும்? கேமரன் மலையில், அதுவும் கியா பார்ம் பக்கம் இருக்கும் மாணவர்களுக்கு இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாற்றின் குளுக்கோஸ் இரத்தத்தோடு கலந்து, உடம்பில் இல்லாத சர்க்கரையை மீட்டர் காட்டிவிடும். 2011இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வு ஒன்றில், நீரிழிவு இல்லாதவர்களை ஆரஞ்சு, திராட்சை, கிவிப் பழங்களை உரிக்கச் சொல்லிச் சோதித்தார்கள். அளவு எகிறியது. ஆல்கஹால் பஞ்சால் துடைத்த பிறகும் தவறான எண்ணே வந்தது. குழாய்த் தண்ணீரில் கையைக் கழுவிய பிறகுதான் சரியானது.

ஆகவே, “இன்னைக்கு இனிப்பு நீர் 15 காட்டுது” என்று பாட்டி பதறினால், “கையைக் கழுவினீங்களா பாட்டி?” என்று முதலில் கேளுங்கள். கழுவிவிட்டு மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.

மீட்டரைக் கேள்வி கேட்கலாம், சரி. டாக்டரைக் கேட்கலாமா? நம் வீடுகளில் இரண்டு வகையினரைப் பார்க்கிறேன். டாக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டு, புரியாமலேயே மருந்துப் பையோடு திரும்புகிறவர்கள் ஒரு வகை. வாட்சாப்பில் வந்த செய்தியை நம்பி அந்தப் பையைக் குப்பையில் போடுகிறவர்கள் இன்னொரு வகை. கேள்வி கேட்காததில் இருவரும் ஒன்றுதான்.

ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கரின் கதையைக் கேளுங்கள். 1946இல், 12 வயதில் அவருக்கு முதல் வகை நீரிழிவு வந்தது. சொன்னபடி இன்சுலின் போட்டார், சொன்னபடி சாப்பிட்டார். பொறியியலாளர் ஆனார். ஆனாலும் நடுவயதுக்கு முன்பே சிறுநீரகம் பழுதடையத் தொடங்கியது. 1969இல் ஒரு துளி இரத்தத்தில் குளுக்கோஸை அளக்கும் கருவிக்கான விளம்பரத்தைப் பார்த்தார். நோயாளிகளுக்கு அதை விற்கமாட்டார்கள். அவருடைய மனைவி மருத்துவர் என்பதால் அவர் பெயரில் வாங்கினார். ஒரு நாளில் பலமுறை அளந்து, எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது, எவ்வளவு இன்சுலின் இறக்குகிறது என்று குறித்து வைத்தார். உங்கள் ஆய்வுக்கூட அறிக்கையில் ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்ப்பீர்களே, அதே வேலைதான். மாவுச்சத்தைக் குறைத்து, இன்சுலினைச் சிறு அளவுகளாகப் பிரித்ததும் அவருடைய அளவு சீரானது.

மருத்துவ இதழ்கள் அவர் கட்டுரையை ஏற்கவில்லை. மனிதர் சளைக்கவில்லை, 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தாமே டாக்டரானார்! 1993இல் 1,441 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு, முதல் வகை நீரிழிவில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்புகள் குறையும் என்று நிறுவியது. இன்று விரல் குத்தும் மீட்டர் மருந்தகத்தில் கிடைக்கிறது. பெர்ன்ஸ்டைன் 2025இல், 90 வயதில் காலமானார். மாவுச்சத்தை அவர் அளவுக்குக் குறைக்க வேண்டுமா என்பதில் மட்டும் நிபுணர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் இன்சுலினை நிறுத்தவே இல்லை. முதல் வகை நோயாளி இன்சுலினை நிறுத்தினால், உடல் கொழுப்பை எரித்து இரத்தத்தை அமிலமாக்கி, சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

நம் நாட்டில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். “நான்தான் சீனியே போடாம தேத்தண்ணி குடிக்கிறேனே, அப்புறம் ஏன் ஏறுது?” என்று தோட்டத்துப் பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பதில் சோற்றுத் தட்டில் இருக்கிறது. மாவுச்சத்து செரித்தால் குளுக்கோஸ்தான். கொழுந்து பறித்துச் சரிவில் ஏறி இறங்கிய காலத்தில் தசைகள் அந்தக் குளுக்கோஸை உறிஞ்சிக்கொண்டன. ஓய்வு பெற்ற பிறகு வேலை நின்றுவிட்டது. சோறு மட்டும் அதே அளவு! சென்னை ஆய்வாளர்கள் இந்தியாவில் 18,090 பேரின் உணவுத் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட கட்டுரையும், மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டச் சொல்கிறது. சாப்பிடுவதற்கு முன்னும் 2 மணி நேரம் கழித்தும் அளந்து எழுதிய நோட்டுப் புத்தகத்தை டாக்டரிடம் காட்டினால், பேச்சே வேறு மாதிரி போகும்.

ஆனால் மாவுச்சத்தைக் குறைக்கும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். அதனால்தான் முதலில் கேட்க வேண்டும். கிளிக்லசைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால், குளுக்கோஸ் 3.9 மில்லிமோலுக்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும். கியா பார்ம் குளிரில் நடுக்கத்தைக் குளிர் என்று நினைத்துவிடுவார்கள். குளிரில் வியர்த்தால் சந்தேகப்படுங்கள். உடனே சீனி கலந்த தண்ணீர் கொடுங்கள், மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மருத்துவமும் தன்னைத்தானே கேள்வி கேட்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யை 6 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவந்தால் இதயநோய் குறையுமா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரிடம் சோதித்தார்கள். தீவிர சிகிச்சை பெற்றவர்களில் 257 பேரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 203 பேரும் இறந்தார்கள். 2008இல் தீவிர சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். இப்போது வயதானவர்களுக்குச் சற்றுத் தளர்வான இலக்கு வைப்பதுண்டு. “என் வயசுக்கு எவ்வளவு இருக்கணும் டாக்டர்?” என்று உங்கள் தாத்தா தாராளமாகக் கேட்கலாம்.

மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்குகிறது என்று நிறுத்திவிடுகிறவர்கள் பலர். இந்த மருந்தின் ஆராய்ச்சி தொடங்கியதே ஒரு செடியிலிருந்துதான். ‘கெமிக்கல்’ என்று பயப்படுகிறவர்களிடம் சொல்லுங்கள். சாப்பாட்டோடு எடுக்கலாமா, மெதுவாகக் கரையும் மாத்திரை உண்டா என்று கேட்டாலே பெரும்பாலும் வழி கிடைக்கும். பல ஆண்டுகளாக எடுப்பவர்கள் பி12 வைட்டமின் சோதனை பற்றியும் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. எச்பிஏ1சி, சிவப்பணுக்களில் ஒட்டிய குளுக்கோஸை அளக்கிறது. தலசீமியா அல்லது இரத்தச்சோகை உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்களே மாறுபடுவதால் அந்த எண் பொய் சொல்லலாம். உங்கள் குடும்பத்தில் அப்படி யாராவது இருந்தால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அதை எழுதி அனுப்புங்கள்.